பழகிடுச்சா?

உங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். வந்ததும் ஒரு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். காபி வேண்டாம். இட்லி வேண்டாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் நாள், 'பயண அசதி' என்று விட்டுவிடுவீர்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் கவலை வரும். மூன்றாம் நாள்? உண்மையைச் சொல்லுங்கள், மூன்றாம் நாள் கோபம்தானே வரும்? 'இவ்வளவு செய்கிறோமே, என்ன குறை வைத்தோம்?' என்கிற கோபம்.

என் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்து சேர்ந்தார். நீளம் மூன்று அங்குலம். விலை 40 ரூபாய்.

மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளின் இரண்டு வருஷக் கோரிக்கை. நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போனோம். சென்னையில் இருக்கிற உங்களுக்குக் கொளத்தூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெருத் தெருவாக மீன் கடைகள். பாலித்தீன் பைகளில் பிராணவாயு நிரப்பி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினோம். ஐம்பத்தைந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இரண்டு தங்க மீன்கள். பத்து நாள் கழித்துத் திரும்பப் போனோம், கண்ணாடி அழுக்காகாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்க.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "ஒரு சக்கர் போட்டுடுங்க சார்" என்றார்.

சக்கர் மீன். கெளுத்தி வகை. அடிப்பக்கம் வாய். அந்த வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். பழுப்பு உடம்பில் கறுப்புப் புள்ளிகள். செதில்களுக்குப் பதில் எலும்புத் தகடுகள், போர்வீரனின் கவசம் மாதிரி. அழகு என்று சொல்ல மாட்டேன். மகளே, "இதுவா?" என்று முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்குத் தனியா சாப்பாடே வேணாம் பாப்பா. அழுக்கைத் தின்னுக்கும், தொட்டியைக் கழுவி வெச்சிடும். வேலைக்காரன் மாதிரி" என்றார் கடைக்காரர்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சாப்பாடு வேண்டாம். வீட்டு வேலை செய்துகொண்டு, மிச்சம் மீதியைத் தின்றுகொள்ளும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. லாபம் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பையைக் கத்திரித்து மீனை அப்படியே தொட்டிக்குள் கொட்டினேன். அது ஒரே பாய்ச்சலில் பின்பக்க மூலைக்குப் போய், ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த விரல் அகல இடுக்கில் செருகிக்கொண்டது. அவ்வளவுதான். அப்புறம் மூன்று நாள் அசையவில்லை.

அந்த மூன்று நாளில் நான் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் தட்டினேன். செல்லமாகத்தான். தங்க மீனுக்குப் போடும் உருண்டைத் தீனியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டேன். அது மேலே மிதந்தது. தங்க மீன்கள் தின்று தீர்த்தன. மிச்சம் ஊறி அடியில் போய்ப் படிந்தது. தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியது. ஒரு குச்சியை விட்டு லேசாக நெம்பிக்கூடப் பார்த்தேன். மகள் அழத் தயாராக இருந்தாள். எனக்கோ, மேலே சொன்னேனே, அந்தக் கோபம். 40 ரூபாய்க்காக அல்ல. இவ்வளவு அக்கறை காட்டுகிறேன், அது கண்டுகொள்ள மாட்டேன் என்கிறதே!

மீன் வளர்த்தே தலை நரைத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன் செய்தேன். "மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலை" என்றேன்.

"சாப்பிடலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பார்த்துக்கிட்டே இருக்கேனே!"

"அதனாலதான் சாப்பிடலையோ என்னவோ" என்றார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். இந்த மீனின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அமேசான் மாதிரியான பெரிய ஆறுகள். பகலெல்லாம் கட்டைக்கு அடியில், பொந்துக்குள் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வந்து மேய்கிற ஜாதி. அதை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து, டார்ச்சும் அடித்து, 'சாப்பிடு' என்றால்? அடுத்து, தொட்டி புதுசு. பாசி பிடிக்கவே இல்லை. பளபளவென்று இருக்கிற கண்ணாடியில் அது எதைச் சுரண்டித் தின்னும்? மற்ற மீன்களின் கழிவைத் தின்று உயிர் வாழும் என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. அதை நம்பி எத்தனையோ வீடுகளில் இந்த மீன் பட்டினி கிடந்தே செத்திருக்கிறது. வயிறு ஒட்டிப்போவது சட்டென்று வெளியே தெரியாது. அதுதான் கவசம் போட்டிருக்கிறதே. சில சமயம் பசி தாங்காமல் ராத்திரியில் தங்க மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோலைச் சுரண்ட ஆரம்பித்துவிடும். உடனே நாம் அதற்குக் கொலைகாரப் பட்டம் கட்டிவிடுவோம்.

தண்ணீர் விஷயத்திலும் நான் தப்பு செய்திருந்தேன். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அழுகும் தீனியிலிருந்தும் அது வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் புதுத் தொட்டியில் அவை பெருகி ஒரு நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். என் தொட்டிக்கு வயது பத்து நாள். அதில் நான் பாசத்தோடு அள்ளிப் போட்ட தீனியெல்லாம் விஷமாகிக்கொண்டு இருந்தது. கொண்டுவந்த பையையும் உடனே கொட்டியிருக்கக் கூடாது. கால் மணி நேரம், இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்க விட்டுச் சூடு சமமான பிறகு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கி, அதன் பிறகு மீனை மட்டும் உள்ளே விட வேண்டுமாம். நாம் புதுச் செருப்பைக்கூட இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே தெருவுக்குப் போடுகிறோம்.

"அப்புறம் அந்தக் கண்ணாடியைத் தட்டுற வேலையை முதல்ல நிறுத்து" என்றார் நண்பர். "அதுக்குக் காது கூர்மை."

மீனுக்குக் காதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கெளுத்தி மீன்களின் வயிற்றில் இருக்கும் காற்றுப் பைக்கும் உள்காதுக்கும் நடுவே சின்னஞ்சிறு எலும்புகளாலான ஒரு சங்கிலி இருக்கிறது. தண்ணீரில் எழும் சிறு அதிர்வையும் காற்றுப் பை வாங்கி, அந்த எலும்புகள் வழியாகக் காதுக்கு அனுப்பிவிடுகிறது. நாம் விரலால் 'டொக் டொக்' என்று தட்டுவது, உங்கள் படுக்கையறைக் கதவை ஒருவன் சம்மட்டியால் அடிப்பது மாதிரி. சுவையும் அப்படித்தான். கெளுத்திக்கு நாக்கில் மட்டும் சுவை இல்லை. மீசையில், உதட்டில், உடம்பின் தோலெங்கும் சுவை மொட்டுகள். என் தொட்டியின் கெட்ட தண்ணீரை அது மூன்று நாளாக உடம்பு முழுக்க ருசித்துக்கொண்டு இருந்திருக்கிறது. வாயை மூடிக்கொள்ளவும் வழி கிடையாது.

இந்தக் காது விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. கார்ல் வான் ஃபிரிஷ் என்று ஒரு விஞ்ஞானி. தேனீக்கள் நடனமாடி ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்வதைக் கண்டுபிடித்தவர். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால், மீன்களுக்குக் காது கேட்காது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொல்லிக்கொண்டு இருந்த காலத்தில், இவர் ஒரு சின்னக் கெளுத்தியை வளர்த்தார். பெயர்கூட வைத்தார். சாவர்ல். அது பதுங்கிக்கொள்ள ஒரு குழாயும் தொட்டியில் இருந்தது. தீனி கொடுக்கும் போதெல்லாம் முதலில் விசில் அடிப்பார், பிறகு கொடுப்பார். சில நாள் போனதும் விசில் சத்தம் கேட்டாலே அது குழாயை விட்டு வெளியே வர ஆரம்பித்துவிட்டது. 'விசில் அடித்தால் வருகிற கெளுத்தி' என்ற பொருளில் தலைப்பு வைத்து 1923-ல் ஒரு கட்டுரை எழுதினார். மீனுக்குக் காது கேட்கும் என்று உலகம் ஒப்புக்கொள்ள அந்தச் சாவர்லும் ஒரு காரணம்.

எவ்வளவு அழகான கதை! மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சாவர்லுக்குக் கண் கிடையாது. பிறவிக் குருடு இல்லை. ஆளைப் பார்த்துத்தான் வருகிறது என்று யாரும் ஆட்சேபிக்கக் கூடாது என்பதற்காக, வான் ஃபிரிஷ் அதன் கண்களை எடுத்துவிட்டார்.

பேர் வைத்து, தீனி கொடுத்து, விசில் அடித்து வளர்த்தவரும் அவர்தான். கண்ணைப் பிடுங்கியவரும் அவர்தான். அவர் கொடூரமானவர் என்று சொல்லிவிட்டுப் போய்விட எனக்குத் துணிச்சல் இல்லை. மீனுக்கு உணர்வு உண்டு, சத்தம் அதைத் துன்புறுத்தும் என்று இன்றைக்கு நான் உங்களிடம் சொல்கிறேனே, அந்த அறிவே அவர் மாதிரியான ஆட்கள் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு கேள்வி ராத்திரியெல்லாம் குடைந்தது. விசில் அடித்ததும் அந்த மீன் வந்ததே, அது அவரிடம் வந்ததா, தீனியிடம் வந்ததா? அது வந்ததைப் பார்த்து, 'என்னோடு பழகிவிட்டது' என்று அவர் சந்தோஷப்பட்டிருப்பாரா? நாமாக இருந்தால் பட்டிருப்போம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் போனில் பேசியதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டு இருந்தார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறார். அதுவரைக்கும் மீன் தொட்டிப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மீன் என்றால் அவருக்குக் குழம்புதான்.

"மூணு நாளாவா சாப்பிடலை?" என்றார்.

"ஆமாம்மா."

"நானும் அப்படித்தான் இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அம்மா சொன்னார்.

1969. அம்மாவுக்குப் பதினேழு வயது. கல்யாணமாகிக் கும்பகோணம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வருகிறார். கூட்டுக் குடும்பம். பதினோரு பேர். "யாரும் ஒரு வார்த்தை கடுமையா சொல்லலை. அதைச் சொல்லணும். உங்க ஆத்தா ரொம்ப நல்ல மாதிரி. ஆனா இலையில உக்காந்தா எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. 'சாப்பிடும்மா, சாப்பிடும்மா. வெக்கப்படாத, உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ'ன்னு பத்துப் பேரும் சொல்லுவாங்க. பத்துப் பேரு சுத்தி நின்னா சோறு எப்படிடா இறங்கும்? எடுத்த கை அப்படியே நின்னுடும். பசின்னா அப்படிப் பசி. ஆனா தொண்டையில இறங்காது. மூணாம் நாள் உங்க ஆத்தாவுக்கே கோபம் வந்துடுச்சு. 'நம்ம வீட்டுச் சாப்பாடு புடிக்கலை போல'ன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"உங்கப்பாவோட அத்தை ஒருத்தங்க இருந்தாங்க. தாலி அறுத்துட்டு வந்து அந்த வீட்டுல கிடந்தவங்க. அவங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு, அடுக்களைப் படியில ஒரு சட்டியில பழைய சோறும் நார்த்தங்காயும் வெச்சு, அரிக்கேன் விளக்கைச் சின்னதா இறக்கி வெச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம போய்ப் படுத்துக்கிட்டாங்க. நான் முழிச்சிருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. காலையில சட்டியைக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தேன். அதைப் பத்தியும் கேக்கலை. எட்டு நாள் அப்படி."

ஐம்பது வயதை நெருங்கும் எனக்கு அம்மா இந்தக் கதையை அதுவரை சொன்னதே இல்லை. சொல்ல வைக்க ஒரு 40 ரூபாய் மீன் வர வேண்டியிருந்தது.

"அப்புறம் சரியாயிடுச்சா?" என்றேன்.

"அப்புறம் பழகிடுச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "பழகிடுச்சுன்னா? பிடிச்சுப் போயிடுச்சா?"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதெல்லாம் அப்போ யாருடா கேட்டா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது நீங்களும் நானும் கொஞ்சம் பேசலாம்.

வந்த உயிர் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் நமக்கு ஏன் இவ்வளவு நிம்மதி? ஹாஸ்டலில் விட்ட பிள்ளையிடம் போனில் முதலில் என்ன கேட்கிறோம்? 'சாப்பிட்டியா?' கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைப் பட்டணத்து அடுக்குமாடிக்கு அழைத்து வந்தால், அக்கம்பக்கத்தில் பெருமையாக என்ன சொல்கிறோம்? 'இப்ப நல்லா சாப்பிடறார், பழகிட்டார்.' பசி என்பது உடம்பு போடுகிற உத்தரவு. அதற்குக் கீழ்ப்படிவதைச் சம்மதக் கையெழுத்து என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒருவரை அவர் விருப்பம் கேட்காமல் ஓரிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி நமக்குள் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அவர் ஒரு வாய் சாப்பிட்டால், மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் சாப்பிடாதவர் மேல் அப்படிக் கோபம் வருகிறது.

விருந்தாளி என்று நான் ஆரம்பித்ததே தப்பு. விருந்தாளிக்கு வாசல் தெரியும். பிடிக்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போகலாம். அந்த மீனுக்கு எந்த வாசல்? 1969-ல் ஒரு பதினேழு வயசுப் பெண்ணுக்கு எந்த வாசல்?

சிலர் இப்படிச் சொல்லக்கூடும்: 'இந்த மீன் என்ன, அமேசானிலிருந்தா வந்தது? இங்கேயே சிமென்ட் தொட்டியில் குஞ்சு பொரித்தது. அதற்கு ஊர் என்றாலே பண்ணைத் தொட்டிதான். எதை இழந்துவிட்டது?' நியாயமான வாதம்தான். ஆனால் அந்த மீனின் கண்ணை நான் பிற்பாடு உற்றுப் பார்த்திருக்கிறேன். பாப்பாவின் மேல் ஒரு சின்னத் திரை இருக்கிறது. வெளிச்சம் அதிகமானால் அது இறங்கி, பாப்பாவைப் பிறை மாதிரி ஆக்கிவிடுகிறது. கலங்கலான ஆற்றின் அடியில் வாழ்வதற்காகச் செய்யப்பட்ட உடம்பு அது. ஆற்றை அந்த மீன் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் உடம்பு ஆற்றை எதிர்பார்த்துத்தான் பிறந்திருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட பலமானது. 'ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுவல் சாப்பிடுகிற ஆள், ஒரு சக்கர் மீனுக்காக இரண்டு பக்கம் புலம்புகிறாரே!' ஆமாம், சாப்பிடுகிறேன். அதற்கு என்னிடம் சரியான பதில் கிடையாது. ஒன்றே ஒன்று சொல்லலாம். நான் தின்கிற வஞ்சிரத்தோடு எனக்கு உறவு எதுவும் இல்லை. இந்த மீனை நான் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருஷம் இருக்குமாம். அத்தனை வருஷமும் அதன் தண்ணீர், அதன் இருட்டு, அதன் சாப்பாடு எல்லாம் என் கையில். கொல்வதைவிட வைத்திருப்பது பெரிய பொறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குத் தோன்றாமலும் இருக்கலாம்.

சரி, மீன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள்.

டார்ச்சை எடுத்து பீரோவில் வைத்தேன். ஒரு வாளி குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு, தொட்டியில் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்படி. தொட்டி முழுவதையும் கழுவிவிட வேண்டும் என்று கை அரித்தது. செய்யக் கூடாதாம். இருக்கிற கொஞ்சம் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். கெளுத்திகளுக்குச் செதில் பாதுகாப்பு இல்லாததால் உப்பு, மருந்து என்று கண்டதையும் ஊற்றக் கூடாது என்று நண்பர் எச்சரித்திருந்தார். தங்க மீன்களுக்குத் தீனி பாதியாகக் குறைந்தது. அவை என்னை முறைத்தன.

மீதியை அம்மா பார்த்துக்கொண்டார். தேங்காய் துருவிய கொட்டாங்கச்சி ஒன்றை நார் போகத் தேய்த்து, வேகவைத்து, விளிம்பில் ஒரு வாசல் மாதிரி உடைத்துத் தொட்டியின் அடியில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். வெள்ளரிக்காயில் இரண்டு வில்லை நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்தார். மிதக்காமல் இருக்க ஒரு எவர்சில்வர் ஸ்பூனில் நூலால் கட்டினார். ராத்திரி பத்து மணிக்கு, எல்லா விளக்கையும் அணைத்த பிறகு, அதைத் தொட்டிக்குள் இறக்கினோம்.

மகளுக்கு ஒரு யோசனை. "அப்பா, செல்போனை ரெக்கார்டிங்ல போட்டு வெச்சுட்டுப் படுத்துக்கலாமா? நாம பார்க்கலை, போன்தானே பார்க்குது?"

நான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். அம்மாதான், "அதுவும் பாக்கறதுதானே?" என்றார்.

முதல் நாள் காலையில் வில்லை அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டோம். ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். இரண்டாம் நாளும் அப்படியே. ஆனால் மீன் ஃபில்டர் இடுக்கில் இல்லை. கொட்டாங்கச்சி வாசலில் வாலின் நுனி மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை, நடுச் சதை காணாமல் போய் வில்லையின் பச்சைத் தோல் மட்டும் வளையல் மாதிரி ஸ்பூனில் தொங்கிக்கொண்டு இருந்தது. மகள் பள்ளிக்கூடத்துக்கு அதைக் கொண்டுபோகிறேன் என்று அடம் பிடித்தாள்.

"சாப்பிட்டுடுச்சு! பழகிடுச்சு!" என்று குதித்தாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரச்னை அத்தோடு தீரவில்லை. நண்பருக்கு நல்ல செய்தி சொல்லப் போன் செய்தபோது, "சந்தோஷம். அது ஒன்றரை அடி வளருமே, தெரியுமில்ல?" என்றார். தெரியாது. கடையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் தொட்டியின் நீளமே இரண்டடி.

அப்படி வளர்ந்ததும் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'பாவம், உயிரைக் கொல்ல வேண்டாம்' என்று பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கருணைதான். தவிர, பண்ணைகளிலிருந்தும் தப்பி வருகின்றன. இப்படித்தான் தமிழ்நாட்டு ஏரிகளிலும், கேரளத்து நீர்நிலைகளிலும், கொல்கத்தாவுக்குக் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்களிலும் இந்த மீன் பெருகிக் கிடக்கிறது. 2020-ல் வாரணாசிப் பக்கம் கங்கையிலேயே அகப்பட்டுச் செய்தியானது. அதன் முள் பட்டு மீனவர்களின் வலை கிழிகிறது. விலை போகாது. நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே மூச்சு வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். யாரும் சாப்பாடு போடாமலே அங்கே அது நன்றாகப் பழகிவிட்டது. மூன்று நாள் என் தொட்டியில் ஒளிந்து கிடந்த அதே ஜாதிதான்.

ஆக, ஏரியில் விடக் கூடாது. திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் இன்னொரு இரண்டடித் தொட்டிக்காரருக்கு விற்பார். பெரிய தொட்டி வாங்கலாம். ஆறடித் தொட்டி. ஹாலில் சோபாவை எடுத்துவிட வேண்டும். தண்ணீரின் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டிவிடும். மூன்றாவது மாடி தாங்குமா என்று ஒரு இன்ஜினீயரிடம் கேட்க வேண்டும். "ஒரு வேலைக்காரனைக் கூட்டிட்டு வந்துட்டு, அவனுக்காக வீட்டையே மாத்தறதா?" என்று மனைவி சிரிக்கிறாள். இன்னும் அது நாலு அங்குலத்தைத் தாண்டவில்லை. அவகாசம் இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இருக்கிறேன். அந்த அவகாசத்தில் தொட்டிக்காகச் சீட்டு ஒன்றும் போட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி தாகமெடுத்து எழுந்தேன். மணி இரண்டு இருக்கும். ஹாலுக்கு வந்து சுவிட்சைத் தடவினேன். இருட்டில் யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அம்மா. தூக்கம் வரவில்லை போல. தொட்டிக்கு முதுகைக் காட்டி, தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"லைட்டைப் போடாதடா" என்றார் மெதுவாக. "சாப்பிடுது."